கல்விக் கொள்கை எப்படி உருவாகிறது? இந்தியாவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கல்விக் கொள்கை ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றியே விவாதம் நடக்கிறது. அதை யார் எழுதினார்கள், யாரைக் கேட்டு எழுதினார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வரும், பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு அது எந்த உருவில் வந்து சேரும் ஆகிய கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு. வருவாய் குறைந்த, குழந்தைகள் மிகுந்த நாடுகளில் இந்தக் கேள்விகளே கொள்கையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தியாவைப் பற்றியவை. ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும் இடங்களில் இலங்கை, கென்யா, மலாவி, பிரேசில் ஆகிய நாடுகளும் வருகின்றன.

கொள்கை, சட்டம், திட்டம், அரசாணை ஆகியவற்றுக்கு இடையே என்ன வேறுபாடு?

கொள்கை என்பது அரசு தன் நோக்கத்தை அறிவிக்கும் ஆவணம். அதில் சொன்னது நடக்கவில்லை என்பதற்காக மட்டும் யாரும் அரசின் மீது வழக்குத் தொடுத்து வெல்ல முடியாது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தேசியக் கல்விக் கொள்கைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. சட்டம் அப்படியல்ல, அது உரிமையை உண்டாக்குகிறது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் காரணமாக, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு இடம் மறுக்கப்பட்டால் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். திட்டம் என்பது பணம் ஒதுக்கப்பட்ட ஏற்பாடு. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கமும், 2018இல் அதை உள்ளடக்கி உருவான சமக்ர சிக்ஷாவும் திட்டங்கள். அரசாணையும் இயக்குநரின் சுற்றறிக்கையும்தான் கடைசியில் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்து சேர்கின்றன.

கொள்கையில் உள்ள ஒரு வாசகம் இந்த எல்லாப் படிகளையும் கடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் தங்கள் வட்டாரத்தின் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறையை, கல்வி முழுவதையும் ஆராய அமைக்கப்பட்ட கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டுக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது, 1986ஆம் ஆண்டுக் கொள்கையும் அதை மீண்டும் சொன்னது. அதற்குச் சட்டமும் வரவில்லை, பணமும் வரவில்லை. இன்றுவரை அது வாசகமாகவே இருக்கிறது.

ஓர் அரசு எப்போது புதிய கொள்கையை எழுத முற்படுகிறது?

பழைய வாக்குறுதி நிறைவேறாமல் உறுத்திக்கொண்டிருக்கும்போதும், புதிய ஆட்சி தன் முத்திரையைப் பதிக்க விரும்பும்போதும் எழுதுகிறது. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

இந்திய அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள், அதாவது 1960க்குள், 14 வயது வரையுள்ள அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. அந்த ஆண்டு கடந்துபோயிற்று. 1986ஆம் ஆண்டுக் கொள்கை 1995 என்று தேதி குறித்தது. 1992இல் அதைத் திருத்தியபோது, இருபத்தோராம் நூற்றாண்டு பிறப்பதற்குள் என்று மாற்றினார்கள். அனைவருக்கும் கல்வி இயக்கம் அதே இலக்குக்கு 2010 என்று எழுதியது. இந்தத் தேதிகளை வரிசையாகப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வருத்தம் மட்டுமே. ஒவ்வொரு தேதிக்குள்ளும் பள்ளிக்கு வராமலேயே வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறைக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வாக்குரிமையும் கல்விக் கொள்கையை உந்தும் பெரிய விசை. இலங்கைக்கு 1931இலேயே வயது வந்த அனைவருக்குமான வாக்குரிமை கிடைத்தது. அதையடுத்துக் கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான சிறப்புக் குழு 1943இல் அறிக்கை அளித்தது. 1945 அக்டோபரில், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. மலாவியில் 1994ஆம் ஆண்டின் பல கட்சித் தேர்தலும், கென்யாவில் 2002 இறுதியில் நடந்த ஆட்சி மாற்றமும் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கின.

வல்லுநர் குழு உண்மையில் என்ன செய்கிறது?

இந்தியாவில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, இயற்பியலாளர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கல்வி ஆணையம். மழலையர் கல்வி முதல் பல்கலைக்கழகம் வரை அனைத்தையும் ஒரே பார்வையில் ஆராயும்படி அதற்குப் பணிக்கப்பட்டது. உறுப்பினர்-செயலர் ஜே. பி. நாயக். பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளின் அறிஞர்களும் உறுப்பினர்களாக இருந்தனர். ஆணையம் நாடு முழுவதும் பயணம் செய்து ஏறத்தாழ 9,000 பேரைச் சந்தித்தது. எழுத்து வடிவில் சுமார் 2,400 கருத்துரைகளைப் பெற்றது. பொருள்வாரியாகப் பணிக்குழுக்களை அமைத்து, 1966 ஜூன் 29 அன்று அறிக்கையை அளித்தது. 10+2+3 என்ற படிப்பு அமைப்பும், நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்ற அளவும் அந்த அறிக்கையின் வழியாகவே நமக்கு வந்தன.

அறிக்கையே கொள்கை ஆகிவிடுவதில்லை. கோத்தாரி அறிக்கையின் பரிந்துரைகளை 1968இல் சில பக்கங்களில் அடங்கும் கொள்கையாகச் சுருக்கினார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வை அரசியல்வாதிகளும் அமைச்சக அதிகாரிகளும் செய்தார்கள். ஒரு குழுவின் அறிக்கையைப் படிப்பவர், அடுத்து வந்த கொள்கையையும் பக்கத்தில் வைத்து, இடையில் விடுபட்டவை எவை என்று பார்க்க வேண்டும். கே. கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழுவின் 2019ஆம் ஆண்டு வரைவு, கல்வி உரிமைச் சட்டத்தை மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிவாக்கச் சொன்னது. 2020இல் வெளியான இறுதிக் கொள்கை 3 முதல் 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்ற இலக்கை வைத்துக்கொண்டது, சட்டத்தை விரிவாக்கும் பரிந்துரையை விட்டுவிட்டது. இலக்கு தங்கி உரிமை நழுவிய அந்த ஒரு மாற்றம், என் கணிப்பில், இரண்டு ஆவணங்களுக்கும் இடையிலான மற்ற எல்லா மாற்றங்களையும்விடப் பெரியது.

இந்தக் குழுக்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்களா?

கோத்தாரி ஆணையத்திலும் கஸ்தூரிரங்கன் குழுவிலும் துணைவேந்தர்கள், அறிவியலாளர்கள், கல்வி நிர்வாகிகள் இருந்தார்கள். அப்போது வகுப்பறையில் பணியாற்றிக்கொண்டிருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை. சாட்சியம் சொல்ல ஆசிரியர்களை அழைத்தார்கள். வாசகத்தை எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் பள்ளியில் எது முடியும், எது முடியாது என்று முதல் வாசிப்பிலேயே சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இல்லாததன் விலையை நாம் பின்னால் கொடுக்கிறோம்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கா?

முழுக்கச் சடங்கு என்று சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டுக் கொள்கைக்கு முன், 2015இல், சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள் வரை கருத்துக் கேட்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பின்னர் டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் தலைமையிலான குழு 2016இல் அறிக்கை அளித்தது. அதை முழுமையாக வெளியிடாமல், வரைவுக்கான சில உள்ளீடுகள் என்ற பெயரில் ஒரு சுருக்கத்தை மட்டுமே அமைச்சகம் வெளியிட்டது. 2017இல் கஸ்தூரிரங்கன் குழு அமைந்தது. அதன் வரைவு 2019 மே 31 அன்று அமைச்சகத்திடம் அளிக்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கும் வந்தது. 484 பக்கங்கள் கொண்ட ஆவணத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல முதலில் ஒரு மாதம் தந்தார்கள், பிறகு ஜூலை இறுதி வரை நீட்டித்தார்கள்.

அந்த வரைவில், இந்தி பேசாத மாநிலங்களின் மாணவர்கள் இந்தியைப் படிக்க வேண்டும் என்று பொருள்படும் ஒரு வாசகம் இருந்தது. தமிழ்நாட்டில் உடனே எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 3 அன்று அந்த வாசகம் திருத்தப்பட்டது. வேகமான, ஒன்றுபட்ட, அரசியல் விலை உள்ள எதிர்ப்பு மூன்றே நாளில் ஒரு வரியை மாற்றிவிட்டது. அதே ஆவணத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களின் பயிற்சியைப் பற்றியும் சிறிய பள்ளிகளைத் தொகுப்பாக இணைப்பதைப் பற்றியும் நீண்ட பகுதிகள் இருந்தன. அவை தங்கள் ஊர்ப் பள்ளியை எப்படித் தொடும் என்பதை ஒரு மலைக்கிராமத்துப் பெற்றோர் அறிந்து கருத்துச் சொல்வதற்கான வழி அந்த நாட்களில் ஏறக்குறைய இல்லை. வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. ஆவணத்தைப் படிக்க முடிந்தவர்களின் கவலைகளே கருத்துக் கேட்பில் பதிவாகும் என்பதால், எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் வரைவை வெளியிடுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லையா?

கொள்கைக்குத் தேவையில்லை, அமைச்சரவையின் ஒப்புதலே போதும். 1986ஆம் ஆண்டுக் கொள்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கொள்கைக்குக் கொரோனா காலத்தில், ஜூலை 29 அன்று, அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கல்வி மாநிலத்தின் பொறுப்பா, ஒன்றியத்தின் பொறுப்பா?

1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுவரப்பட்ட அந்தத் திருத்தம் அதை, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய ஒத்திசைவுப் பட்டியலுக்கு மாற்றியது. பள்ளிகளை நடத்துவதும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், கல்விச் செலவின் பெரும்பகுதியைச் சுமப்பதும் இன்றும் மாநிலங்களே. ஒன்றிய அரசு கொள்கையை அறிவிக்கிறது, சட்டம் இயற்றுகிறது, நிபந்தனையுடன் நிதி தருகிறது. 1935இல் மீண்டும் உயிர்பெற்ற மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், மாநிலக் கல்வி அமைச்சர்கள் ஒன்றிய அமைச்சருடன் அமர்ந்து பேசும் இடமாக இருந்து வந்தது.

கொள்கையில் உடன்பாடு இல்லாதபோது நிதியே பேரம் பேசும் கருவியாகிறது. சமக்ர சிக்ஷாவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாடு 2020ஆம் ஆண்டுக் கொள்கையை ஏற்கவில்லை, அந்தக் கொள்கையோடு பிணைந்த, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. இதனால் 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் வழங்கப்படவில்லை என்று மாநில அரசு முறையிட்டது. இரு தரப்பின் வாதங்களில் எது சரி என்று ஒருவர் எப்படிக் கருதினாலும், அந்தப் பணத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்றுநர்களின் ஊதியமும் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. நீதிபதி த. முருகேசன் தலைமையில் 2022இல் அமைந்த குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, தமிழ்நாடு 2025 ஆகஸ்ட் 8 அன்று தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கைவிட்டது அதன் உடனடி விளைவு.

6 சதவீதம் என்ற இலக்கு ஏன் எட்டப்படவில்லை?

1968, 1986, 2020 ஆகிய மூன்று கொள்கைகளிலும் அந்த எண் இருக்கிறது. எந்த ஆண்டிலும் நாடு அதை எட்டவில்லை. காரணம் எளிது. கொள்கை எழுதுவோர் கல்வி அமைச்சகத்தில் இருக்கிறார்கள், பணம் நிதி அமைச்சகத்திலும் மாநிலக் கருவூலங்களிலும் இருக்கிறது. கொள்கை ஆவணத்துடன் ஆண்டுவாரியான நிதி அட்டவணை எதுவும் இணைக்கப்படுவதில்லை. மாநிலங்களின் பள்ளிக் கல்வி நிதியில் மிகப் பெரும் பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுவதால், புதிதாக ஒன்றைத் தொடங்க மிஞ்சுவது சிறு தொகையே.

பிரேசில் வேறு வழியில் போனது. அதன் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மாநிலங்களும் நகராட்சிகளும் தங்கள் வரி வருவாயில் குறைந்தது 25 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. 1996இல் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம், அந்த வருவாயின் ஒரு பகுதியைப் பொது நிதியத்தில் சேர்த்து, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்ந்து, அதில் குறைந்தது 60 சதவீதம் ஆசிரியர் ஊதியத்துக்குப் போக வேண்டும் என்றும் வகுத்தார்கள். பின்தங்கிய வடகிழக்குப் பகுதியின் நகராட்சிப் பள்ளிகள் இதனால் பயனடைந்தன. இந்தியாவில் 2004 முதல் கல்விக்கென மேல்வரி வசூலிக்கப்படுகிறது. அது உதவியது, ஆனால் மொத்தச் செலவுக்கு குறைந்தது இத்தனை சதவீதம் என்று சட்டத்தால் வரம்பு அமைக்கும் வேலையை அது செய்யவில்லை.

உலக வங்கி போன்ற அமைப்புகள் கொள்கையை எழுதுகின்றனவா?

சிறிய, கடன் மிகுந்த நாடுகளில் அவற்றின் கை பெரிது. 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியேன் நகரில் நடந்த அனைவருக்கும் கல்வி மாநாடும், 2000இல் செனகலின் டக்கார் நகரில் நடந்த மாநாடும் இலக்குகளை வகுத்தன. உதவி பெற விரும்பும் நாடு, கல்வித் துறைத் திட்டம் ஒன்றை எழுதிக் காட்ட வேண்டும் என்பது வழக்கமாயிற்று. அந்தத் திட்டங்கள் பல வேளைகளில் வெளிநாட்டு ஆலோசகர்களின் துணையுடன், நன்கொடையாளர்கள் எதிர்பார்க்கும் மொழியிலேயே எழுதப்படுகின்றன.

இந்தியா நெடுங்காலம் தொடக்கக் கல்விக்குப் பெரிய அளவில் வெளிக்கடன் வாங்கத் தயங்கியது. 1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் அந்த நிலை மாறியது. 1994இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட 7 மாநிலங்களின் 42 மாவட்டங்களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், பிரிட்டன், நெதர்லாந்து ஆகியோர் பணம் தந்தனர். இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் துணையும் தரும் வட்டார வள மையம், குறுவள மையம், பள்ளிவாரித் தகவல் தொகுப்பு ஆகியவை அத்திட்டத்தில் வேரூன்றியவை. குறைந்த ஊதியத்தில் ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தும் பழக்கம் பல மாநிலங்களில் பரவியதும் அதே காலத்தில்தான். வெளியார் பணத்தோடு வந்த நன்மையையும் தீமையையும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்மை.

கட்டணத்தை நீக்கினால் போதுமா?

குழந்தைகள் வந்துவிடுவார்கள். மலாவியில் 1994இல் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. கென்யாவில் 2003இல் சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சமாக உயர்ந்தது. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்ற பழைய குற்றச்சாட்டு பொய் என்பதற்கு இந்த எண்களைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மலாவியில் ஆசிரியர்களும் வகுப்பறைகளும் புத்தகங்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. மரத்தடியில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரே ஆசிரியர் என்ற நிலை வந்தது. இந்தியாவிலும், ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்பதை 2005 முதல் வெளிவரும் அசர் என்னும் கல்வி நிலை ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

கீழிருந்து மேலே போன கொள்கை ஏதாவது உண்டா?

உண்டு. பள்ளி மதிய உணவைச் சொல்ல வேண்டும், சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சென்னை மாநகராட்சி 1920இல், பி. தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட அன்றைய அரசு இசையாததால் 1925இல் அது தடைப்பட்டது. சிற்றுண்டி கல்விச் செலவு ஆகாது என்பது அன்றைய கணக்கு. 1956இல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அரசிடம் போதிய பணம் இல்லை. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்கள் நெல்லும் காய்கறியும் பணமும் தந்தார்கள். அதில் இருந்த கொள்கை முடிவு நுட்பமானது: பசிக்கும் குழந்தைக்கு முதலில் சோறு, அரசு முழுச் செலவையும் ஏற்கும் நாள் வரும்வரை ஊர் தன் பங்கைத் தரட்டும் என்பதே அது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். வீண் செலவு, வாக்குக்கான கவர்ச்சி என்று படித்தவர்கள் பலர் அன்று குறை கூறினார்கள். திட்டம் நிலைத்தது, அடுத்து வந்த ஆட்சிகள் முட்டையைச் சேர்த்தன. சமையலர், உதவியாளர் பணியிடங்கள் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கு வாழ்வாதாரமாயின. ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்கள் சமைக்காமல் மாதம் 3 கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. பிறகு மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டில் 200 நாட்களாவது வழங்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஒரு நகராட்சிப் பள்ளியில் தொடங்கியது எண்பது ஆண்டுகளில் நாட்டின் கடமையாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இதே வழியில் நகர்கிறது. முதலில் 1,545 பள்ளிகளில் நடத்திப் பார்த்துவிட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள்.

இந்த வரலாற்றில் வல்லுநர் குழுவின் 500 பக்க அறிக்கை எதுவும் தொடக்கமாக இல்லை. பணம் இருந்தது, ஆள் இருந்தது, அடுப்பு எரிகிறதா என்று எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து பார்த்துவிட முடிந்தது. ஒரு கொள்கை பள்ளியில் உயிரோடு இருப்பதற்கு இந்த மூன்றும் வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் நல்ல முன்னோடித் திட்டங்கள் எல்லாமே பரவிவிடுமா?

இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், சோதனை செய்து கற்கும் முறையைக் கிராமப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அதை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியிலிருந்து ஊக்கம் பெற்றுச் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் தொடங்கிய, பாட அட்டைகளைக் கொண்டு குழந்தை தன் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளிலேயே தமிழ்நாடு முழுவதும் விரிந்தது. விரிந்த வேகத்துக்கு ஆசிரியர் பயிற்சி ஈடுகொடுக்காததால், பல பள்ளிகளில் அட்டைகளும் ஏணிப்படங்களும் மட்டும் மிஞ்சின.

கென்யாவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. கூடுதல் ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தும் ஒரே ஏற்பாட்டைச் சில பள்ளிகளில் தன்னார்வ அமைப்பும் சில பள்ளிகளில் அரசும் நடத்தின. அமைப்பு நடத்திய பள்ளிகளில் குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்தது, அரசு நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஊதியம் தாமதமானது, கண்காணிப்புத் தளர்ந்தது. சிறு அளவில் வெற்றி கண்ட ஒன்றை அரசு இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது அது வேறொரு திட்டமாகிவிடுகிறது.

நல்ல நோக்கத்தில் எழுதிய கொள்கை ஏன் பள்ளியில் திரிந்துபோகிறது?

கட்டாயத் தேர்ச்சியை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 29ஆவது பிரிவு, குழந்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறது என்பதை ஆசிரியர் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றது. இரண்டும் சேர்ந்ததே சட்டத்தின் கருத்து. நிறுத்தி வைக்காமலிருக்கப் பணம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். தொடர் மதிப்பீட்டுக்குச் சிறிய வகுப்பும், பயிற்சியும், பின்தங்கிய குழந்தையோடு தனியே அமர நேரமும் வேண்டும். முதலாவது எங்கும் நடந்தது, இரண்டாவது பதிவேடுகளை நிரப்பும் வேலையாக மாறியது. பிறகு, குழந்தைகள் படிக்காமலேயே மேலே போகிறார்கள் என்று பழி முழுவதையும் 16ஆவது பிரிவின்மேல் போட்டு, 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். செலவுள்ள பாதியை நிறைவேற்றாமல் செலவில்லாத பாதியைக் குற்றம் சொன்னது அநீதி என்றே நினைக்கிறேன். அதன் சுமையைத் தாங்குவது முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்திருக்கும் குழந்தை.

நீதிமன்றங்களுக்கு இதில் என்ன வேலை?

அரசு தயங்கும் இடத்தில் அவை உரிமையை வரையறுக்கின்றன. 1993ஆம் ஆண்டு உன்னி கிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகே 2002இல் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதிய 86ஆவது திருத்தமும், அதைத் தொடர்ந்து 2009ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வியை ஆட்சி மாற்றத்துக்குப் பின் தள்ளிவைக்க முயன்றபோது, அதை அந்த ஆண்டே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை மாணவர்கள் வாரக்கணக்கில் பாடநூல் இல்லாமல் காத்திருந்தார்கள்.

ஒரு பெற்றோரோ ஆசிரியரோ இந்தப் பாதையில் எங்கே தலையிட முடியும்?

மிக அருகில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பை 22ஆவது பிரிவு அந்தக் குழுவுக்கே கொடுக்கிறது. அந்தத் திட்டங்கள் வட்டாரத்திலும் மாவட்டத்திலும் தொகுக்கப்பட்டு மாநிலத்தின் ஆண்டுத் திட்டமாகி, தில்லியில் சமக்ர சிக்ஷா நிதிக்கு ஒப்புதல் தரும் திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் போக வேண்டும் என்பதே ஏற்பாடு. நடைமுறையில் பள்ளி ஆண்டுதோறும் நிரப்பும் தகவல் படிவத்திலுள்ள எண்களையே திட்டமாக எழுதி அனுப்பிவிடுவது அதிகம். குழுக் கூட்டத்தில் இரண்டு பெற்றோர் எழுந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொன்னால், அது அந்த ஆண்டின் கோரிக்கையாக மேலே போயாக வேண்டும்.

வாரியத்தின் கூட்டக் குறிப்புகள் ஒவ்வோர் ஆண்டும் பொதுவில் வெளியாகின்றன. மாநிலம் எதைக் கேட்டது, எதற்கு ஒப்புதல் கிடைத்தது, முந்தைய ஆண்டின் தொகையில் எவ்வளவு செலவாகாமல் நின்றது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஆசிரியர் சங்கங்களும் ஊர் அமைப்புகளும் கொள்கை ஆவணத்தைப் படிக்கச் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை இந்தக் குறிப்புகளுக்கு ஒதுக்கினால், தங்கள் மாவட்டத்துக்கு வர வேண்டியது எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க முடியும். பள்ளிவாரியான செலவு விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தில், மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலகத்திலேயே கேட்டுப் பெறலாம்.